பத்தொன்பது கோடு

இது எனக்கு நடந்ததல்ல. யாருக்கு நடந்ததோ அவளை நான் பார்த்ததும் இல்லை. விலங்கியல் ஆய்வறையில் உதவியாளராக இருக்கும் மாதேஸ்வரன் அண்ணன், நான் அங்கே ஆய்வு மாணவியாகச் சேர்ந்த இரண்டாம் வாரம், கேன்டீன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவள் பூங்கோதை. ஒரு பிற்பகல் முழுக்க அவள் ஒரு கம்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நடுவில் அக்காவோடு போனில் பேசினாள் (அக்கா சொன்னதைப் பின்னொரு நாள் அவரிடம் சொன்னாளாம்), பிறகு அவரிடம் ஆறு குப்பிகளைக் கேட்டாள், நாலு மணி ஆவதற்குள் ஆய்வை நடத்தும் மேடம் வந்தார். அண்ணனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவளுடைய பதிவேடு அலமாரியில் இருக்கிறது, அதைப் படித்தேன். மனசுக்குள் ஓடியதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதை நானே போட்டு நிரப்பியிருக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான், அவளும் அப்படித்தானாம். அந்த ஓர் உரிமையில் எழுதுகிறேன். இனி வரும் ‘நான்’ அவள்.

*

கம்பி வெளியே இருக்கிறது. மறுபடி பார்க்கிறேன், வெளியேதான் இருக்கிறது. மின்பெட்டியின் பின்பக்கம், சிவப்புத் திருகாணியில் மாட்டியிருக்க வேண்டிய செம்புக் கம்பியின் முனை, காய்ந்த சாமந்தி மாலைக்குள் செருகிக் கிடக்கிறது, அதுவும் ஒரு காம்பு மாதிரி. மாலையை எடுத்தது நான்தான். நாலு மணிக்கு மேடம் வருகிறார், மேசையைத் துடைத்து வைக்கலாம் என்று எடுத்தேன். எடுக்காமல் இருந்திருக்கலாம். எடுக்காதீங்க என்றுதானே மாதேசண்ணன் சொல்லியிருந்தார், சாமிக்குப் போட்ட மாலை அம்முணி, கண்ட இடத்துல போடக்கூடாது, நானே கொண்டுபோய் ஆத்துல விட்டுக்கறேன் என்று. அதனால்தான் இத்தனை நாளாக அதைத் தொடவில்லை. பூ உதிர்ந்து மேசையில் மஞ்சளாகக் கிடந்தபோதும் பூவை மட்டும் கூட்டினேன். இப்போது மணி இரண்டு பத்து. மின்பெட்டியின் முகப்பில் பச்சை விளக்கு எரிகிறது, பக்கத்தில் பன்னிரண்டு என்று எண் எரிகிறது. பன்னிரண்டு. பதினைந்து நாளும் காலையில் ஒன்று மாலையில் ஒன்று, முப்பது தடவை பதிவேட்டில் எழுதினேன், பன்னிரண்டு, பன்னிரண்டு, என் கையெழுத்து ஒரே சீராக இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். அந்த எண் மின்னழுத்தம். கொடுக்கத் தயாராக இருக்கிறேன் என்று பெட்டி சொல்கிறது, அவ்வளவுதான். கம்பி வாங்கிக்கொண்டதா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. குமிழை ஒரு பக்கம் திருப்பினால் ஓடுகிற மின்சாரத்தைக் காட்டும். இப்போது திருப்புகிறேன். சுழி. சுழியைப் பார்த்தால் கண் மாதிரி இருக்கிறது. மறுபடி திருப்புகிறேன், பன்னிரண்டு. மறுபடி. சுழி. மின்விசிறி சுற்றுகிற சத்தம். கீழே முட்டை லாரி ஒன்று திரும்புகிறது, நாமக்கல்லில் எந்த நேரமும் ஒரு முட்டை லாரி எங்கேயாவது திரும்பிக்கொண்டிருக்கும், ஜன்னல் வழியாகத் தீவன மில்லின் மக்கிய சோள வாசனை வருகிறது, அதன் அடியில் ஃபார்மலின் வாசனை, கண்ணோரம் எரிகிறது. அழவில்லை. ஃபார்மலின்தான்.

மேசையின் இந்தப் பக்கம் ஒரு தெர்மாகோல் பெட்டி, அந்தப் பக்கம் ஒரு தெர்மாகோல் பெட்டி. இரண்டுக்குள்ளும் ஒரே சூடு, ஒரே ஈரம், இருபத்துநாலு இருபத்துநாலாகக் கருவுள்ள முட்டைகள் இருந்தன, இப்போது காலி. இரண்டையும் சுற்றி இரண்டு இரண்டு செம்புக் கம்பி வளையங்கள். மாதேசண்ணன் இங்கே வருவதற்கு முன் மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டுகிற கடையில் இருந்தவர், நானூறு சுற்று, ஒரு சுற்று பிசகாமல் கட்டிக் கொடுத்தார். ஒரு பக்க வளையத்தில் மின்சாரம் ஓடும், நடுவில் காந்தப் புலம் உண்டாகும். மறுபக்கம் சும்மா, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. பதினைந்தாம் நாள் முட்டையை உடைத்துக் குஞ்சின் கழுத்தில் தைராய்டு சுரப்பியை எடுத்து அளக்க வேண்டும். காந்தத்தில் வளர்ந்த சுரப்பி சின்னதா பெரிதா, இவ்வளவுதான் கேள்வி. பறவைக்குத்தான் காந்தம் தெரியும் என்கிறார்களே, முட்டைக்குள் இருக்கும்போதே தெரியுமா என்று மேடம் கேட்டார், கேட்டபோது அவர் கண்ணாடியில் ஜன்னல் தெரிந்தது. உன் கைதான் பூங்கோதை என் கண் என்றார். என் கை. ஆயுத பூஜைக்கு முதல் நாள் மின்பெட்டியைப் போட்டு வளையத்துக்குள் திசைகாட்டியை வைத்துப் பார்த்தோம், முள் வடக்கை விட்டு விலகிப் போய் நடுங்கி நின்றது. ஓடுகிறது, பார்த்தோம், மூன்று பேரும் பார்த்தோம். மறுநாள் பூஜை. நுண்ணோக்கிக்கு, தராசுக்கு, கத்திரிக்கு, மின்பெட்டிக்கு, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். கருவிக்கு அன்னைக்கு ஓய்வு அம்முணி, யாரும் மறந்துபோய் ஓட்டிடக் கூடாதில்ல என்று மாதேசண்ணன் ஒரு முனையைக் கழற்றி மாலைக்குள் செருகியிருக்கிறார். விஜயதசமி முடிந்து அவர் ஊர் நோம்பித் திருவிழாவுக்குப் போய்விட்டார். நான் முட்டைகளை அடுக்கினேன். பொத்தானைத் தட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. அவர் மாட்டியிருப்பார் என்று நான். நான் மாட்டிக்கொள்வேன் என்று அவர். நடுவில் ஒரு மாலை.

திசைகாட்டியை எடுத்து வளையத்துக்குள் வைக்கிறேன். முள் வடக்கே பார்க்கிறது. கொஞ்சம் ஆடிவிட்டு அமைதியாக வடக்கே. மறுபக்க வளையத்தில் வைக்கிறேன், அங்கேயும் வடக்கு. அப்படியென்றால் அந்த இருபத்துநாலு சுரப்பிகள் ஏன் சின்னதாக இருக்கின்றன. சாமந்தியை விட, மேடத்தை விட, அதுதான் பயமாக இருக்கிறது. காந்தம் இல்லாத பக்கம் சராசரி இருபத்தோரு கோடு, காந்தம் இருந்த பக்கம் பத்தொன்பது. நுண்ணோக்கியின் கண்ணாடிக்குள்ளேயே ஒரு குட்டி அளவுகோல் இருக்கிறது, அதில் கோடு எண்ணித்தான் அளந்தேன். பத்தொன்பது, பதினெட்டு, பத்தொன்பது, பத்தொன்பது, இருபது. ஒன்றைக்கூடக் கூட்டிக் குறைத்து எழுதவில்லை, அம்மா மேல் சத்தியமாக இல்லை. இல்லாத ஒன்று எப்படி அவற்றைச் சிறுக்க வைத்தது. இந்த அறையில் வேறு என்ன இருக்கிறது. அந்தப் பக்க மேசையில்தான் எனக்குத் தினமும் தலை வலித்தது. நெற்றிக்கு நடுவில் யாரோ விரலை வைத்து மெதுவாக அழுத்துகிற மாதிரி. பல் வேரில் ஒரு கூச்சம். நாற்காலியை மூன்றடி தள்ளிப் போட்டுக்கொண்டேன், தள்ளியதும் வலி விட்டது. பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலில் எழுதியும் வைத்தேன், வளையத்தின் அருகே தலைவலி, நான்காம் நாள், ஆறாம் நாள், ஏழாம் நாள். இப்போது நெற்றியைத் தொடுகிறேன். பதினைந்து நாளாக என்னை அழுத்தியது யார்?

குஞ்சுகள் ஞாபகம் வருகின்றன, வேண்டாமென்றாலும் வருகின்றன. அகலமான பக்கத்தில் தட்டி, ஓட்டைப் பெயர்த்து, சவ்வைக் கிழித்தால் ஈரமான மயிரோடு ஒரு முதுகு. இமை மூடியிருக்கும். மூக்கின் நுனியில் வெள்ளையாக ஒரு புள்ளி, ஓட்டை உடைப்பதற்கென்று வைத்துக் கொடுத்த பல். அதற்கு வேலை வருவதற்குள் நான் உடைத்துவிட்டேன். அம்மா இருபது வருடமாக லேயர் பண்ணையில் முட்டை பொறுக்குகிறாள், அவள் எடுக்கிற முட்டைகளில் உயிர் கிடையாது, சேவலையே பார்க்காத கோழிகள். என் வேலையைச் சொன்னதும், முட்டையை ஒடைக்கறதுக்கா கண்ணு பதினேழு வருசம் படிச்ச என்று சிரித்தாள், சிரித்துவிட்டு, உசுரு இருக்கிற முட்டையா என்று கேட்டாள், பிறகு சிரிக்கவில்லை. கழுத்தடியில் இரண்டு ரத்தக் குழாய்களின் ஓரம், இரு பக்கமும், எள் அளவில் இளஞ்சிவப்பாக இரண்டு சுரப்பிகள், அளக்க எடுத்தது வலப்பக்கத்து ஒன்றை மட்டும். அவை சின்னதானால் குஞ்சு மந்தமாக வளரும். காந்தம் இல்லாத பக்கத்தை முடித்து, காந்தப் பக்கத்தில் முதல் பன்னிரண்டை எடுத்து அளந்து, பத்தொன்பது பத்தொன்பது என்று எழுதி, இடைவேளையில் கை கழுவப் போனபோது கண்ணாடியில் என் கழுத்தைப் பார்த்தேன். பிறகு செண்பகம் அக்காவை நினைத்தேன். அவளுக்கு ஐந்தாம் மாதம். அவள் புகுந்த வீடு துணைமின்நிலையத்துக்குப் பின்னால், மொட்டை மாடியில் நின்றால் தலைக்கு மேலே தடித்த கம்பிகள் போகும். அன்று சாயங்காலமே அவளுக்குப் போன் செய்தேன். இரண்டு நாள் பொறுத்திருக்கலாம், மேடத்தைக் கேட்டிருக்கலாம். அக்கா, குழந்தை பிறக்கிற வரைக்கும் நம்ம வீட்டுக்கு வந்துரு, நான் கண்ணால பார்த்துட்டுச் சொல்றேன் என்றேன். கண்ணால் பார்த்துவிட்டு. வீட்டில் முதல் பட்டதாரி சொன்னால் வேதம். மறுநாளே ஒரு பையோடு வந்துவிட்டாள். அவள் மாமியார், எங்க வீட்ல நாலு புள்ளை பெத்தவ நான், எனக்கு எந்தக் கம்பி என்ன பண்ணுச்சு என்று தெருவில் நின்று கத்தினாளாம்.

போன் அதிர்கிறது. அக்காதான். நினைத்தால் அழைக்கிறாள், அதுவும் இன்று பயமாக இருக்கிறது.

“என்னடி, சோறு தின்னியா?”

“ம்.”

“பொய். கொரல்லயே தெரியுது. கேளு, உங்க மாமன் இன்னிக்குத்தான் போன் பண்ணுனாரு. உன்ற தங்கச்சி டாக்டருக்குப் படிக்குதா, ஆம்லெட்டுக்குப் படிக்குதான்னு கேக்கறாரு. வெச்சுட்டேன். என்ன நெனச்சுக்கிட்டு இருக்காங்க இவங்கெல்லாம்?”

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மேடத்திடம் சொல்வதற்கு முன் யாரிடமாவது சொல்லிப் பார்க்க வேண்டும், வாய் வருகிறதா என்று. மாதேசண்ணன் வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து செய்தித்தாள் பார்க்கிறார், கேட்டால் கேட்கட்டும்.

“அக்கா. நான் சொன்னது தப்பு. கம்பியில கரண்டே ஓடல. பதினஞ்சு நாளும் ஓடல. காந்தமே இல்ல அங்க.”

செய்தித்தாள் தாழ்ந்தது.

“அப்ப அந்தக் கோழிக்குஞ்சு?”

“தெரியல.”

பின்னால் அம்மா வீட்டுப் பித்தளைக் குடம் தரையில் உட்காரும் சத்தம்.

“கோதை, நான் ஒண்ணு சொல்லட்டுமா. நீ போன் பண்ணி வெச்ச ஒடனே மாடிக்குப் போனேன். தலைக்கு மேல ங்ங்ங்னு ஒரு சத்தம். ரெண்டு வருசமா அந்த வீட்ல இருக்கேன், துணி காயப் போட தெனம் போறேன், ஒரு நாளும் கேட்டதில்ல. அன்னிக்குக் கேட்டுச்சு.”

“கம்பி கொஞ்சம் இரையும் அக்கா, ஈரமா இருந்தா...”

“இருடி. முழுசாக் கேளு. இப்ப இங்க வந்துட்டேன். இங்க எந்தக் கம்பி இருக்குது, தெருவெளக்குகூட எரியறதில்ல. இங்கயும் கேக்குதுடி.” குரல் தாழ்ந்தது. “அம்மாகிட்ட சொல்லல. வயித்துமேல கைய வெச்சா உள்ள இருந்து கேக்கற மாதிரி இருக்குது. கரண்டு இல்லீன்னா அது என்ன?”

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேனா, பிறகு பேசுகிறேன் என்று சொன்னேனா, வைத்துவிட்டேன். எனக்குத் தெரியும். சொல்லும்போதே தெரிந்துவிட்டது. நான்தான் அதை அங்கே வைத்தேன். போனில் ஒரு சொல்லாகக் கொடுத்தேன், அவள் காதில் சத்தமாகிவிட்டது. அங்கே அவள் வீட்டு மாடிக்கு மேல் ஓடுவது நிஜமான மின்சாரம், அது குழந்தைக்கு என்ன செய்யும் செய்யாது என்று நான் அளக்கவில்லை, எனக்குத் தெரியாது. ஆனால் அவளை இங்கே கொண்டுவந்து சேர்த்தது அந்தக் கம்பி இல்லை. இந்தக் கம்பி. சாமந்திக்குள் சும்மா இருந்த இந்தக் கம்பி. அப்படியானால் என் நெற்றியை அழுத்திய விரல். நாற்காலியைத் தள்ளினால் வலி நின்றதே, மூன்றடியில் நின்றதே, அளந்து வைத்த மாதிரி. அப்படியானால். வேண்டாம், அதை நினைக்க வேண்டாம், மணி மூன்று பத்து, மாலையை எடுத்த மாதிரியே திரும்ப வைத்துவிடலாம், முனையைத் திருகாணியில் மாட்டிவிட்டு மாலையை மேலே போட்டுவிடலாம், யாருக்குத் தெரியும், மாதேசண்ணனுக்குத் தெரியும், அவர் சொல்ல மாட்டார், சொன்னால் அவருக்கும்தான். ஐந்து மணிக்குள் கருத்தரங்குக்குச் சுருக்கம் அனுப்ப வேண்டும், அனுப்பினால் அடுத்த வருடமும் இந்த நாற்காலி எனக்கு. எண்கள் இருக்கின்றன. எண்களில் பொய் இல்லை. பத்தொன்பது நான் பார்த்தது. பார்த்ததைத்தானே எழுதினேன். விரல் அந்த முனையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, குளிர்ச்சியாக இருக்கிறது, சந்தனம் செம்போடு சேர்ந்து பச்சை ஏறிக் காய்ந்து ஒட்டியிருக்கிறது.

“அண்ணா.”

வாசலிலேயே நின்றார். செய்தித்தாளை மடித்து மடித்து உள்ளங்கை அளவுக்குக் கொண்டுவந்திருந்தார்.

“நாந்தானுங்க அம்முணி. ஊருக்குப் போற அன்னிக்கு ஒரு பத்து நிமிசம் முன்னாடி வந்து மாட்டியுட்டிருந்தா...”

“அதப் பத்தி இல்லண்ணா. அலமாரியில சுரப்பி போட்ட குப்பி இருக்குதில்ல, அதுல ஆறு எடுத்துட்டு வாங்க. ரெண்டு பக்கமும் கலந்து. லேபிள் எனக்குத் தெரியக் கூடாது.”

“தெரியாம எப்படி அளப்பீங்க?”

“அதத்தான் பாக்கணும்.”

“கண்ணக் கட்டி வெளையாடற மாதிரியில்ல இருக்குது” என்றார், சிரிப்பு வராமலே. குப்பிகளைக் கொண்டுவந்தார். லேபிளில் ‘கா’ என்றால் காந்தம், ‘வெ’ என்றால் வெறும். எழுத்தின் மேல் கட்டைவிரலை வைத்துப் பிடித்தார், மோட்டார் கம்பி கட்டிக் கட்டிக் காய்த்த விரல், எழுத்து மொத்தமும் மறைந்தது. ஒவ்வொன்றாகச் சுரப்பியைக் கண்ணாடித் தட்டில் விட்டு அவர் தள்ளி வைக்க, நான் குனிகிறேன். முதல் சுரப்பி. வட்ட வெளிச்சத்துக்குள் ஓர் இளஞ்சிவப்பு விதை. எங்கே முடிகிறது இது? இந்தக் கேள்வியை இதுவரை நான் கேட்டுக்கொண்டதே இல்லை. சுரப்பியின் விளிம்பு கோடு போட்டது மாதிரி இல்லை, புகை மாதிரி இருக்கிறது, சிவப்பு மெல்ல மெல்ல வெளுத்து, எங்கோ ஓரிடத்தில் இல்லாமல் போகிறது. அந்த ஓரிடத்தை யார் முடிவு செய்வது. நான்தான். உள்ளே வைத்தால் பத்தொன்பது, வெளியே வைத்தால் இருபத்தொன்று. இப்போது எனக்கு எதுவும் தெரியாது, எந்தப் பக்கம் என்று சொல்ல யாரும் இல்லை, கை காற்றில் நிற்கிற மாதிரி இருக்கிறது. இருபது என்கிறேன். அடுத்தது. இருபத்தொன்று. இருபது. இருபது. இருபத்தொன்று. இருபது. அவர் துண்டுத்தாளில் எழுதிக்கொள்கிறார், நாக்கைக் கடித்துக்கொண்டு. பிறகு லேபிள்களைத் திருப்பினார். மூன்று கா, மூன்று வெ. இருபத்தொன்றில் ஒன்று கா, ஒன்று வெ. பதிவேட்டைப் புரட்டுகிறேன். அதே மூன்று கா, அன்று என் கையெழுத்தில், பத்தொன்பது, பதினெட்டு, பத்தொன்பது.

அப்படியானால் அன்று குனிந்தபோது நான் தனியாக இல்லை. என்னோடு ஒரு சொல்லும் குனிந்திருக்கிறது. கா என்று படித்துவிட்டுத்தான் குனிந்தேன், ஒவ்வொரு தடவையும், இருபத்துநாலு தடவை, அது என் கண்ணுக்குப் பின்னால் நின்று விளிம்பை இரண்டு கோடு உள்ளே தள்ளியது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, எனக்குத் தெரியாமல், மிக மெதுவாக, நெற்றியை அழுத்திய அதே விரலால். பொய் சொல்லியிருந்தால் நல்லது. பொய் என்றால் எங்கே வைத்தேன் என்று எனக்குத் தெரிந்திருக்கும், போய் எடுத்துவிடலாம். இது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. இதுவரை எண்ணியவை எல்லாவற்றிலும் இருக்கிறதா. நான் பார்த்த எல்லாவற்றிலுமா. அக்காவின் வயிற்றில் கை வைத்தால் எனக்கும் கேட்குமோ. கேட்கும். இப்போது எனக்கும் கேட்கும். படிக்கட்டில் செருப்புச் சத்தம், மேடத்தின் செருப்பு ஒரு காலில் மட்டும் சத்தம் போடும். மணி நாலாகவில்லை. மாதேசண்ணன் என்னைப் பார்க்கிறார், மாலையைப் பார்க்கிறார், அவர் கை மாலையை நோக்கி நீள்கிறது, நீண்டு நின்றுவிடுகிறது, எது சொன்னாலும் செய்வார், மூடு என்றால் மூடுவார். மின்பெட்டியில் பன்னிரண்டு எரிகிறது. குமிழைத் திருப்பி வைக்கிறேன். சுழி.

“பூங்கோதை, எல்லாம் ரெடியாம்மா? எண்ணைச் சொல்லு, அனுப்பிடலாம்.”

“மேடம், ஒரு நிமிசம் இந்தப் பக்கம் வந்து பெட்டிக்குப் பின்னாடி பாருங்க.”

*

அதற்குப் பிறகு கதவைச் சாத்திவிட்டார்களாம். உள்ளே என்ன பேசினார்கள் என்று மாதேஸ்வரன் அண்ணனுக்குத் தெரியாது. அரைமணி நேரம் கழித்து மேடம் மட்டும் வெளியே வந்து, அந்த மாலையை அவர் கையில் கொடுத்து, ஆற்றில் விட்டுவிடச் சொன்னாராம். சுருக்கம் எதுவும் அனுப்பப்படவில்லை. பூங்கோதை அடுத்த ஜூனில் ஒரு பள்ளிக்கூட வேலைக்குப் போய்விட்டாள். செண்பகத்துக்கு அம்மா வீட்டிலேயே பெண் குழந்தை பிறந்தது, மூன்றாம் மாதம் அவள் கணவர் வந்து இருவரையும் கூட்டிக்கொண்டு போனார், குழந்தை நன்றாக இருக்கிறது. சத்தம் நின்றதா என்று நான் கேட்டேன். அத நான் எப்புடிங்க போய்க் கேக்கறது என்றார் அண்ணன்.

பதிவேட்டில் அந்தத் தேதியில், அதே பரிசு வாங்கிய கையெழுத்தில், இரண்டு வரி இருக்கிறது: ‘முதல் நாளிலிருந்து மின்சாரம் ஓடவில்லை. சுரப்பிகளை லேபிள் தெரிந்தே அளந்திருக்கிறேன்.’ முப்பது பன்னிரண்டுகளும் அடிக்கப்படாமல் அப்படியே இருக்கின்றன.

குப்பிகள் நாற்பத்தெட்டும் அலமாரியில் இருந்தன. எழுதியது போதாது, சரிபார்க்க வேண்டும் என்று தோன்றியது. சென்ற வாரம் மாதேஸ்வரன் அண்ணன் கட்டைவிரலால் லேபிளை மறைத்துக்கொள்ள, எல்லாவற்றையும் அளந்தேன். இரண்டு வரிசையும் சராசரி இருபது கோடு. மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். பிறகு, வேண்டாம் அம்முணி என்று அவர் சொல்லச் சொல்ல, லேபிள்களைத் திருப்பி வைத்து, படித்துவிட்டு, இன்னொரு முறை அளந்தேன். அந்தக் கம்பியில் எதுவும் ஓடவில்லை என்று எனக்குத் தெரியும். ‘கா’ வரிசை பத்தொன்பது.